டேப்லெட்டில் எழுதிப் பழகும் குழந்தை: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது?

கையெழுத்து வராமல் திணறும் பிள்ளைக்கு டேப்லெட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்த பிறகு வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பழியை முதலில் பிள்ளையின் கைமேல் போடுகிறார்கள். பார்த்தால் திரையிலோ, பேனாவிலோ, கவரிலோ, ஆப்பின் அமைப்பிலோ ஏதாவது ஒரு சின்ன விஷயம் இருக்கும். அதனால் அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கேட்பது கடைசியில் வரும்.

எல்லாவற்றுக்கும் முன்: தாளிலும் இப்படித்தானா?

ஒரே வாக்கியத்தைத் திரையில் ஒருமுறையும், கோடு போட்ட தாளில் பென்சிலால் ஒருமுறையும் எழுதச் சொல்லுங்கள். இடையில் சற்று ஓய்வு கொடுங்கள். களைத்த கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தாளில் சுமாராக வந்து திரையில் மோசமாக வந்தால் கருவியில் கோளாறு. கீழே 1, 2, 3 எண்ணிட்ட பகுதிகளைப் பாருங்கள். திரையில் நன்றாக வந்து தாளில் வராவிட்டால் பழக்கும் முறையில் கோளாறு. நேராக 4-க்குப் போங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மோசமென்றால் 4-இல் தொடங்கி, 6-ஐயும் 10-ஐயும் படியுங்கள். அந்தத் தாளில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1. கை பட்ட இடமெல்லாம் கோடு விழுகிறது

இதைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. மணிக்கட்டைத் தூக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். தோள் காதுப் பக்கம் ஏறும், முழங்கை வெளியே போகும், விரலால் எழுத வேண்டியதைத் தோளால் எழுதும். பார்க்கிறவர்கள் "பேனாவைப் பிடிக்கிற விதமே சரியில்லை" என்பார்கள். பிடியில் ஒன்றுமிருக்காது. உள்ளங்கை கண்ணாடியில் பட்டால் கோடு விழும் என்று அந்தக் கை கற்றுக்கொண்டுவிட்டது.

சோதனை: நீங்களே உள்ளங்கையைத் திரையில் நன்றாகப் பதித்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். புள்ளியோ கோடோ விழுந்தால், பக்கம் தானாக நகர்ந்தால், திரைக்குக் கையும் பேனாவும் பிரித்துத் தெரியவில்லை.

முதல் வேலை, அமைப்பில் 'பேனாவால் மட்டும் வரை' என்ற பொருளில் இருக்கும் விருப்பத்தை இயக்குவது. ஐபேடில் அது ஆப்பிள் பென்சிலுக்கான பகுதியில் இருக்கும். சாம்சங் நோட்ஸ் போன்ற ஆப்களில் ஆப்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சி ஆப்கள் பல, விரலாலும் எழுதட்டும் என்று செய்யப்பட்டவை. அவற்றுக்கு உள்ளங்கையும் ஒரு விரல்தான். அப்படிப்பட்ட ஆப்பை விட்டுவிட்டு, வெறும் குறிப்பேடு ஆப்பில் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து கொடுங்கள். வண்ணமும் பாட்டும் இருக்காது. கையை வைத்து எழுத முடியும்.

பிள்ளை இடக்கைப் பழக்கமா? பேனா, அழிப்பான் பொத்தான்கள் இருக்கும் பட்டை உள்ளங்கைக்கு அடியில் வருகிறதா என்று பாருங்கள். பல ஆப்களில் அதை மறுபக்கம் மாற்றலாம்.

அடுத்தது கவர். திரையின் கடைசி வரிகளை எழுதும்போது உள்ளங்கை திரைக்கு வெளியே போய்விடும். கவரின் தடித்த விளிம்பு மணிக்கட்டை வெட்டும், அந்த அவஸ்தையில் எழுத்து சாயும். கவரைக் கழற்றிவிட்டு, டேப்லெட்டின் உயரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை அதன் கீழ்ப்பக்கத்தில் ஒட்ட வைத்தால் போதும். திரையின் மேல்பாதியில் மட்டும் எழுத வைத்து, பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே போவது இன்னும் நல்லது.

கடைசியாகப் பேனா. ரப்பர் முனை, வட்டத்தட்டு முனை வைத்த மலிவுப் பேனாக்கள் திரைக்கு விரலாகத்தான் தெரியும். எந்த அமைப்பை மாற்றினாலும் அது சரியாகாது. தற்காலிகமாக, ஓவியர்கள் போடும் இரண்டு விரல் கையுறையை மாட்டிப் பார்க்கலாம். நிலையான தீர்வு, திரையோடு பேசத் தெரிந்த பேனாதான். வாங்குமுன் மாடலைப் பாருங்கள். ஆப்பிள் பென்சில் ஐபேடைத் தவிர வேறெதிலும் எழுதாது. ஐபேடிலும் எல்லாத் தலைமுறைப் பென்சிலும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. சாம்சங்கின் எஸ் பென் அதற்கென்று செய்த திரையில்தான் எழுதும்.

இதற்கு நிபுணர் எவரும் தேவையில்லை.

2. கோடு நடுங்குகிறது, அறுந்து விழுகிறது, பின்தங்கி வருகிறது

ஒரு ஸ்கேலைத் திரைமேல் சாய்வாக வைத்து, நீங்கள் மெதுவாக ஒரு கோடு இழுங்கள். மெதுவாக என்பது முக்கியம். வேகமாக இழுத்தால் நடுக்கம் தெரியாது. உங்கள் கையிலும் கோடு பாம்பாக நெளிந்தால் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்திவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். தரமில்லாத சார்ஜர் மாட்டியிருக்கும்போது தொடுதிரை தடுமாறுவது சகஜம். பிறகு பேனா முனை. திருகி மாட்டும் முனை தளர்ந்திருந்தால் இறுக்குங்கள், ஒருபக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். அடுத்து ஸ்கிரீன் கார்டு. தடிமனானது, ஓரம் எழும்பியது, உள்ளே காற்றுக் குமிழி உள்ளது எல்லாமே தொல்லை. காந்தம் வைத்த கவர் எஸ் பென் வகைப் பேனாக்களைக் குழப்பும். கோடு எப்போதும் ஓர் ஓரத்தில் மட்டும் வளைந்தால் கவரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.

கோடு பின்தங்குகிறது என்றால், வேகமாக ஒரு பெரிய வட்டம் போட்டுப் பேனா முனைக்கும் மைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பின்னணியில் திறந்து கிடக்கும் ஆப்களை மூடுங்கள், மின்சேமிப்பு முறையை அணையுங்கள். பெரியவர்களுக்கு இந்தத் தாமதம் உறைக்காது. எழுத்தின் வடிவத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை மை வந்து சேரட்டும் என்று நின்று நின்று எழுதும். அதைக் கைக்கோளாறு என்று நினைத்துவிடுவோம்.

வேறு பேனாவிலும் அதே இடத்தில் கோடு அறுகிறதா? திரைக்குள் பேனாவின் தொடுதலை உணரும் தகடு போய்விட்டது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

உங்கள் கோடு நேராக வந்து, பிள்ளையின் கோடு மட்டும் திரையில் நடுங்கினால் 3. தாளிலும் நடுங்கினால் 10.

3. எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது, வரியில் நிற்கவில்லை

முதலில் ஸ்கேலை எடுத்து, திரையில் தெரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளங்கள். பள்ளி நோட்டில் உள்ள இடைவெளியையும் அளங்கள். ஆப் 100 சதவீதம் என்று காட்டுவதற்கும் நிஜ அளவுக்கும் சம்பந்தமில்லை. அதோடு இரண்டு விரல் பட்டாலே பக்கம் பெரிதாகிவிடும், பிள்ளையும் அதற்கேற்பப் பெரிதாக எழுதும். அளவைச் சரிசெய்துவிட்டுப் பெரிதாக்கும் வசதியைப் பூட்டுங்கள்.

பேனாக் கோட்டின் தடிமனையும் பாருங்கள். தடித்த கோட்டில் மூன்று சுழி 'ண' எழுதினால் சுழிகள் அடைபட்டு ஒரு கரும்புள்ளியாகும். உள்ளே வெளிச்சம் தெரிய வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாகப் போடுவதைத் தவிர பிள்ளைக்கு வேறு வழியில்லை. பென்சில் கோட்டின் அளவுக்கு இறக்குங்கள்.

இரண்டும் சரி, இன்னும் எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறதென்றால் காரணம் கண்ணாடிதான். தாளில் பென்சில் உரசும்போது விரலுக்கு ஒரு தடை கிடைக்கிறது, எங்கே நிறுத்துவது என்று கை அதை வைத்துத்தான் அறிகிறது. வழவழப்பில் அது போய்விடுவதால் எழுத்து நீள்கிறது, வேகமும் கூடுகிறது. தாள் போல் சொரசொரப்பான மேலுறை கிடைக்கிறது, ஒட்டிவிடலாம். திரை சற்று மங்கும், பேனா முனை சீக்கிரம் தேயும். எழுதிப் பழகவே வைத்திருக்கும் டேப்லெட் என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

4. ஆப்பில் நட்சத்திரம் குவிகிறது, நோட்டில் அதே பழைய எழுத்து

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

சோதனை எளிது. ஆப்பில் மூன்று நட்சத்திரம் வாங்கிய எழுத்தை, அடுத்த நிமிடமே வெற்றுப் பக்கத்தில், மாதிரி எதுவும் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் பிள்ளை இதுவரை எழுத்தைக் கற்கவில்லை. புள்ளிக்கோட்டின் மேல் பேனாவை ஓட்டக் கற்றிருக்கிறது. பல ஆப்கள் கோட்டை விட்டுச் சற்று விலகினாலும் தாங்களே இழுத்துச் சரிசெய்துவிடும். விரலால் செய்தாலும் நட்சத்திரம் தரும்.

செலவில்லாத மாற்றம் இதற்கு உண்டு. முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் பல முறைகளை ஒப்பிட்டு 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில் முன்னே நின்ற முறை: எண் போட்ட அம்புக்குறிகளோடு எழுத்தைப் பார்ப்பது, அதை மறைப்பது, நினைவிலிருந்து எழுதுவது. டேப்லெட்டில் இதைச் செய்வது சுலபம். எழுத்தைக் கொட்டையாக எழுதி, எங்கே தொடங்குகிறது, எப்படிப் போகிறது என்று 1, 2, 3 அம்பு போட்டு ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். பிள்ளை பார்க்கட்டும். அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள், அது வெற்றுப் பக்கம். அங்கே எழுதட்டும். திரும்பி வந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ட, ப, ம போல ஒரே வகையில் தொடங்கும் இரண்டு மூன்று எழுத்துகள் ஓர் அமர்வுக்குப் போதும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். நிறுத்துமுன் அதே எழுத்துகளைப் பென்சிலால் தாளில் எழுத வையுங்கள். இந்தக் கடைசி அடியை விட்டுவிட்டால் முன்னால் செய்ததெல்லாம் திரையிலேயே தங்கிவிடும்.

எழுதிக் காட்டுவதை விட, எழுதியதைத் திரும்ப ஓட்டிக் காட்டுவதில்தான் டேப்லெட்டின் அருமை தெரியும். சில குறிப்பேடு ஆப்களில் இந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் திரையைப் பதிவு செய்யுங்கள். முடிந்த 'ன'வைப் பார்த்தால் குறை தெரியாது. ஓட்டிப் பார்த்தால் கதை வேறாக இருக்கும்: வலப்பக்கக் கோட்டை முதலில் போட்டு, பேனாவைத் தூக்கி, சுழியை அப்புறம் கொண்டுவந்து ஒட்டவைத்திருக்கும். அந்த வழியில் வேகம் ஒருநாளும் வராது. எங்கே பேனா திரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். எழுதத் திணறும் குழந்தைகளின் பேனா மற்றவர்களுடையதைவிட அதிக நேரம் காற்றில் நிற்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பதிவில் பேனா தெரியாது, கோடு வளராமல் நிற்கும் இடைவெளிதான் தெரியும். அந்த இடைவெளி எந்த எழுத்துக்கு முன்னால் நீள்கிறதோ அதுதான் நாளைய பாடம்.

எத்தனை நாள் பார்ப்பது? 2011இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின் முடிவு: 20 அமர்வுகளுக்குக் குறைந்த பயிற்சியால் பலன் கிடைக்கவில்லை, எழுதவே வைக்காத பயிற்சியாலும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆப்பைத் தூக்கி எறிவது அவசரம். பந்தைத் தட்டும் 'விரல் வலு' விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கையெழுத்து திருந்தக் காத்திருப்பது வீண்.

20 அமர்வுகளுக்கு மேல், ஒவ்வொன்றும் தாளில் முடிந்து, அப்படியும் முதல்நாள் தாளுக்கும் இன்றைய தாளுக்கும் வித்தியாசமில்லையென்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை (எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) பாருங்கள். எழுத்தோடு வாசிப்பிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிக்கலிருந்தால் கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்த உளவியலாளரையும் பாருங்கள்.

5. சரியாக எழுதினாலும் ஆப் தப்பு என்கிறது

ஆப் எதிர்பார்க்கும் வரிசை வேறு, ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வரிசை வேறாக இருக்கும். அல்லது பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதினால்தான் ஆப் ஏற்கும். மதிப்பெண் போடுவதை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் ஆசிரியரின் கையெழுத்தையே படம் பிடித்துப் பின்னணியாக வைத்து, வெற்றுக் குறிப்பேட்டில் பழக்குங்கள். ஆசிரியரும் ஆப்பும் முரண்பட்டால் ஆசிரியர் பக்கம் நில்லுங்கள். நோட்டைத் திருத்தப்போவது அவர்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஜிபோர்டு போன்ற விசைப்பலகைகளில் தமிழைக் கையால் எழுதி உள்ளிடலாம். அது படித்துவிட்டது என்பதால் எழுத்து திருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத வந்தது என்ன என்று ஊகிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது, கோணலையும் படித்துவிடும்.

6. அழுத்தி எழுதுகிறது, கை வலிக்கிறது என்கிறது

விரல்நுனி வெளுத்திருக்கிறதா, தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

முதலில் உட்காரும் விதம். கால் தரையில் பதிய வேண்டும், எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை போடுங்கள். டேப்லெட்டைப் படுக்கையாக வைக்காமல் ஏறத்தாழ 20 டிகிரி சரிவாக வைத்தால் மணிக்கட்டு இயல்பாகப் பின்னோக்கி மடங்கும். அதற்குப் பிறகு பேனா. மெல்லிய, வழுக்கும் பேனாவுக்கு ஒரு ரப்பர் உறை போதும்.

அழுத்தத்தை உணரும் பேனாவாக இருந்தால் ஒரு நல்ல பயிற்சி உண்டு. அழுத்தினால் தடிக்கும் தூரிகையைத் தேர்ந்து, 'முடி போல மெல்லிய கோடு' போடச் சொல்லுங்கள். "அழுத்தாதே அழுத்தாதே" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதைக் கோடே சொல்லிவிடும். (ஆப்பிள் பென்சிலின் யுஎஸ்பி-சி மாடலுக்கு அழுத்தம் தெரியாது, அதில் இதை முயல வேண்டாம்.)

பிடியை மாற்ற அவசரப்படாதீர்கள். மூன்று விரல் பிடிதான் சரி என்று பலரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். நான்கு விரல் பிடியிலும், கட்டைவிரல் குறுக்கே படியும் பிடியிலும் தெளிவாக, வேகமாக எழுதும் பிள்ளைகள் ஏராளம். வலி இல்லை, எழுத்து புரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். எழுதி முடித்த பிறகும் வலி நீடித்தால், விரல் மூட்டு பின்பக்கமாக வளைந்தால், தெரபிஸ்ட் பார்க்கட்டும்.

7. எழுதவே மறுக்கிறது, அல்லது அழித்து அழித்து எழுதுகிறது

ஒவ்வொரு எழுத்துக்கும், எழுதியதைப் பின்வாங்கும் 'அன்டூ' பொத்தானைத் தட்டும் பிள்ளை ஒரு வரியைத் தாண்டாது. பொத்தான் பட்டையை மறைத்துவிடுங்கள், "வரி முடிந்ததும் உனக்குப் பிடிக்காத ஒன்றை மட்டும் திருத்து" என்று சொல்லுங்கள்.

நடுவில் வீடியோவுக்குப் போய்விடுகிறதென்றால் ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் போட்டு ஆப்பைப் பூட்டுங்கள். ஐபேடில் பென்சிலைக் கீழ்மூலையிலிருந்து உள்ளே இழுத்தால் ஸ்கிரீன்ஷாட்டோ புதுக் குறிப்போ திறக்கும், அந்தச் சைகையையும் அணைத்துவிடுங்கள்.

பூட்டியும் மறுக்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் வெட்கம். திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு அலுத்த பிள்ளை அது. சுவிட்சர்லாந்தின் லௌசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் கோரைட்டர் என்ற திட்டத்தில் இதைத் தலைகீழாக்கினார்கள். நாவோ என்ற சின்ன ரோபோ மோசமாக எழுதும், குழந்தை டேப்லெட்டில் எழுதிக் காட்டி அதற்குக் கற்றுக்கொடுக்கும். நம்மிடம் ரோபோ இல்லை, உங்கள் இடக்கை இருக்கிறது. இடக்கைப் பழக்கம் உங்களுக்கு இருந்தால் வலக்கை. அதால் ஒரு வரி கிறுக்கிவிட்டுச் சிவப்பு மையைப் பிள்ளையிடம் கொடுங்கள். எந்தச் சுழி குறைகிறது, எது வரியை விட்டு இறங்கியது என்று கறாராகத் திருத்தித் தள்ளும்.

8. எழுத்து புரிகிறது, வேகம்தான் இல்லை

கேள்விக்கு விடை தெரியும், வாயால் கேட்டால் கடகடவென்று சொல்லும், எழுதச் சொன்னால் இரண்டு வரியில் முடித்துவிடும். இந்த நிலையில் எழுத்தழகுப் பயிற்சியைக் கூட்டுவதில் பயனில்லை. தட்டச்சையும் குரல்வழி உள்ளீட்டையும் தொடங்க வேண்டிய நேரம் இது. ஆனால் விசைப்பலகையைக் கொடுத்த அன்றே வேகம் வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் பிள்ளை பேனாவைவிட மெதுவாகவே போகும். விசைகளைப் பார்க்காமல் தட்டப் பழக்க வேண்டும், ஒரே விசையமைப்பில் பழக்க வேண்டும். கையெழுத்துப் பயிற்சி சிறிய அளவில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

தேர்வில் கூடுதல் நேரமோ கணினியோ வேண்டுமென்றால் பள்ளி முறையான மதிப்பீட்டு அறிக்கை கேட்கும். அதற்கு நாளாகும் என்பதால் தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

9. வகுப்பு ஸ்மார்ட் போர்டில் கோடு வேறிடத்தில் விழுகிறது

தொடும் இடமும் கோடு விழும் இடமும் பொருந்தும்படி போர்டின் அமைப்பில் அளவொப்பு (கேலிபிரேஷன்) செய்யுங்கள். சட்டத்தின் உள்விளிம்பைத் துணியால் துடையுங்கள்: அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் போர்டுகளில் தூசியும், நேரடி வெயிலும், தொங்கும் சட்டைக் கையும் 'தொடுதல்' ஆகிவிடும். அதற்கும் சரியாகாவிட்டால் போர்டைப் பொருத்தியவர்களை அழையுங்கள். நின்றுகொண்டு தோளிலிருந்து பெரிய வளைவுகள் போட்டுப் பழக இந்தப் போர்டு நல்லது. சின்ன எழுத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

10. கருவியை மூடிவிட்டு ஆளைப் பார்க்க வேண்டிய இடங்கள்

முகத்தைத் திரையில் ஒட்டிக்கொண்டு எழுதுவது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, கரும்பலகையிலிருந்து எழுதும்போது வரி தாவுவது: முதலில் கண் மருத்துவர். தெரபி தொடங்கிய பிறகு கண்ணாடி தேவை என்று தெரிந்தால் செலவும் நாளும் வீண்.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது ஏழு வயதுவரை பல பிள்ளைகளிடம் உண்டு. அது மட்டும் இருந்தால் பதற வேண்டாம். அதற்குப் பிறகும் குறையாமல் தொடர்ந்தால் மதிப்பீடு தேவை. பொத்தான் போடுவது, பந்து பிடிப்பது, கத்தரிக்கோல் பிடிப்பது எல்லாவற்றிலும் தடுமாற்றமென்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் எழுத்து சில நாட்களிலோ வாரங்களிலோ கெட்டுப்போனால், ஒரு கை வலுவிழந்தால், புதிதாக நடுக்கம் வந்தால், கை கால் தன்னிச்சையாகத் துள்ளினால் எந்த ஆப்பையும் திறக்காதீர்கள். உடனே குழந்தை மருத்துவர். சில மாதங்களுக்கு முன் தொண்டைப்புண்ணோடு காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலில் இப்படிக் கை துள்ளுவதும் எழுத்து கெடுவதும் உண்டு.

யாரிடம் போனாலும் தேதி போட்ட தாள்களையும், பிள்ளை எழுதும்போது எடுத்த பதிவு ஒன்றிரண்டையும், பள்ளி நோட்டு ஒன்றையும் எடுத்துப் போங்கள். புதிய இடத்தில் பிள்ளை வழக்கத்தைவிடக் கவனமாக எழுதிவிடும். "இங்கே நன்றாகத்தானே எழுதுகிறான்" என்று அவர் சொல்லும்போது காட்ட உங்களிடம் ஏதாவது வேண்டும்.